தாத்தா செய்த பாவத்தைப் பேரன் அறிக்கையிட வேண்டுமா?

பொருநைக்கரையான்:
அனைவருக்கும் ஸ்தோத்திரம். எங்கள் வீட்டில் மூன்று வாரமாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு வழக்கை இங்கே வைக்கிறேன். என் அக்காளுக்கு இரண்டு முறை கருக்கலைந்துவிட்டது. பெரியம்மா அவளை மூன்று நாள் விடுதலைக் கூட்டம் ஒன்றுக்கு அழைத்துப் போனார். அங்கே ஜெபத்துக்கு முன்பாக நான்கு பக்கப் படிவம் ஒன்றைக் கொடுத்து, வீட்டுக்குக் கொண்டுபோய் நிரப்பி வரச் சொல்லியிருக்கிறார்கள். தகப்பன் வழியில் மூன்று தலைமுறை, தாய் வழியில் மூன்று தலைமுறை; ஒவ்வொருவருக்கும் ஒரு கட்டம். கிறிஸ்தவத்துக்கு வருமுன் குலதெய்வம் எது, குடும்பத்தில் யாராவது நாண்டுகொண்டு செத்தார்களா, மந்திரவாதியிடம் போனவர் உண்டா, இரண்டு தாரம் கட்டியவர் உண்டா என்று கேள்விகள் நீள்கின்றன. கடைசிப் பக்கத்தில் ஒரு காணிக்கை உறை பின் அடித்து இணைக்கப்பட்டிருக்கிறது.

முற்பிதாக்களின் பாவங்களைப் பேர்சொல்லி அறிக்கையிட்டாலொழியப் பரம்பரைச் சாபம் முறியாது என்று அங்கே போதித்தவர் சொன்னாராம். யாத்திராகமம் 20:5, நெகேமியா 9:2 ஆகிய இரண்டு வசனங்களையும் காட்டியிருக்கிறார். "நிரப்பிக் கொடுப்பதில் என்ன நஷ்டம்" என்கிறார் அம்மா. நாங்கள் ஐந்து தலைமுறையாகக் கிறிஸ்தவர்கள், சி.எஸ்.ஐ. சபையார், எனக்குத் தெரிந்தவரை ஞாயிற்றுக்கிழமை பொதுப் பாவ அறிக்கையில் "நாங்கள்" என்றுதான் சொல்கிறோமே தவிர, "எங்கள் தாத்தா" என்று சொன்னதில்லை. அக்காள் இப்போது கட்டம் கட்டமாகச் செத்தவர்களின் குறைகளைத் தேடிக்கொண்டிருக்கிறாள். கிறிஸ்தவன் இதைச் செய்யத்தான் வேண்டுமா?

இரவுப்பணி:
நான் செவிலியர். மற்றவர்கள் வசனம் எழுதுமுன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கருக்கலைவு மிகப் பரவலாக நடப்பது. கருவிலேயே ஏற்படும் குரோமோசோம் கோளாறு முதல் தாயின் தைராய்டு வரை அதற்குப் பல காரணங்கள் உண்டு. உங்கள் அக்காள் அந்தப் படிவத்தை நிரப்பினாலும் நிரப்பாவிட்டாலும், மகப்பேறு மருத்துவரிடம் அவசியம் போகட்டும், அவருடைய கணவரும் கூடப் போகட்டும்.

வேதமாணவன்:
யாத்திராகமம் 20:5ஐ மேற்கோள் காட்டுகிறவர்களில் பெரும்பாலோர் அந்த வாக்கியத்தை முழுவதும் வாசிப்பதில்லை. பிதாக்களின் அக்கிரமத்தை மூன்றாம் நான்காம் தலைமுறைமட்டும் விசாரிப்பதாகச் சொல்லும் அதே வாக்கியம் "என்னைப் பகைக்கிறவர்களை" என்று யாரைக் குறித்து அது பேசுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறது. அடுத்த வசனமோ அன்புகூருகிறவர்களுக்கு ஆயிரம் தலைமுறைமட்டும் இரக்கம் என்கிறது. நான்கையும் ஆயிரத்தையும் எதிரெதிரே வைத்துவிட்டு, நான்கை மட்டும் எடுத்து ஒரு படிவம் அச்சடிப்பது என்ன வகை வாசிப்பு என்று எனக்குப் புரியவில்லை. அக்காலத்தில் மூன்று நான்கு தலைமுறையினர் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். கிழவன் விக்கிரகத்தை வீட்டுக்குள் கொண்டுவந்தால் கொள்ளுப்பேரன்வரை அதன்முன் வளர்வான். அந்த வசனம் சொல்லும் விளைவு கண்ணெதிரே நடப்பது; செத்துப்போன ஒருவரிடமிருந்து இரத்தத்தின் வழியாக இரகசியமாய்ப் பாய்வது அன்று.

இந்த வசனத்தைத் தவறாகப் புரிந்துகொள்வது புதிய நோயும் அன்று. கி.மு. 597இல் சிறைப்பட்டுப் பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்டவர்கள் நடுவில் ஒரு பழமொழி வழங்கிற்று: பிதாக்கள் திராட்சக்காய்களைத் தின்றார்கள், பிள்ளைகளின் பற்கள் கூசிப்போயின. எசேக்கியேல் 18ஆம் அதிகாரம் முழுவதும் அந்தப் பழமொழியை இனி வாயில் எடுக்காதிருங்கள் என்பதற்காகவே எழுந்தது. குமாரன் தகப்பனுடைய அக்கிரமத்தைச் சுமப்பதில்லை என்று அதன் இருபதாம் வசனம் ஒளிவுமறைவின்றிச் சொல்கிறது. பிறவிக் குருடனைப் பார்த்து இவன் செய்த பாவமோ, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமோ என்று சீஷர்கள் கேட்டதும் ஏறக்குறைய உங்கள் பெரியம்மாவின் கேள்விதான். ஆண்டவர் இரண்டையும் மறுத்தார். அந்தப் பெற்றோரிடம் அவர் எந்தப் பட்டியலும் கேட்கவில்லை.

சாலேமின் மகள்:
ஐயா, படித்தவர்கள் எங்களைப் போன்ற சபைகளை எள்ளி நகையாடுவது எளிது. என் கணவரின் தாத்தா குடித்தே செத்தார், மாமனாரும் அப்படியே செத்தார், என் கணவரும் அதே வழியில் போய்க்கொண்டிருந்தார். நாங்கள் இருவரும் முழங்காலில் நின்று, அந்த இரண்டு பேருடைய பெயரையும் சொல்லி, இந்த வீட்டில் நடந்த எல்லாவற்றையும் கர்த்தருக்கு முன்பாக அறிக்கையிட்டோம். மாமனார் மாமியாரை அடித்ததைக்கூட விடவில்லை. அதற்குப் பிறகு என் கணவர் குடிக்கவில்லை. பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. இதை நீங்கள் என்ன பெயரிட்டு அழைத்தாலும் எனக்குக் கவலையில்லை.

வசனத்துக்கும் வருகிறேன். லேவியராகமம் 26:40, தங்கள் அக்கிரமத்தோடு தங்கள் பிதாக்களின் அக்கிரமத்தையும் அறிக்கையிடும்போது கர்த்தர் உடன்படிக்கையை நினைப்பார் என்கிறது. நெகேமியா "நானும் என் தகப்பன் வீட்டாரும்" என்று ஜெபித்தார். தானியேல் 9ஆம் அதிகாரத்தில் சிங்கக்கெபி கண்ட நீதிமானே பிதாக்களின் பாவத்தைத் தன் பாவம்போலச் சொல்லி அழுகிறார். பிதாக்கள் பாவஞ்செய்து மாண்டுபோனார்கள், நாங்கள் அவர்களுடைய அக்கிரமங்களைச் சுமக்கிறோம் என்று புலம்பல் 5:7 சொல்கிறதே. அதை எசேக்கியேலைக் கொண்டு அழித்துவிட முடியுமா? முந்தின ராஜாவாகிய சவுல் கிபியோனியரைக் கொன்றதற்காகத் தாவீதின் நாளில் மூன்று வருஷம் பஞ்சம் வந்ததே, அது யாருடைய பாவம்? ஆனாலும் படிவத்தோடு காணிக்கை உறையைச் சேர்ப்பதை நானும் ஏற்கவில்லை. அது ஊழியம் ஆகாது.

வேதமாணவன்:
சகோதரியின் பதிவை எள்ளுவதற்கு எனக்கு எந்தத் தகுதியும் இல்லை. சொல்லப்போனால், மாமனார் அடித்ததை வாய்விட்டுச் சொன்னீர்களே, உங்கள் வீட்டில் அதுவரை யாரும் பேசாத ஒன்று அன்றைக்குப் பேசப்பட்டிருக்கிறது என்றுதான் நான் அதைப் புரிந்துகொள்கிறேன். குடித்த வீட்டில் வளர்ந்தவனுக்கு அதன் தழும்பு உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. தழும்பும் குற்றமும் ஒன்றல்ல என்பதே என் வாதம். எபிரெயத்தில் "அவோன்" என்ற ஒரே சொல் அக்கிரமத்தையும், அதனால் வரும் பழியையும், தண்டனையையும் குறிக்கும். புலம்பலின் ஆசிரியர் அந்தச் சொல்லைத்தான் எழுதுகிறார். எருசலேம் எரிந்துகிடக்கிறது, விறகும் தண்ணீரும் விலைக்கு வாங்க வேண்டியிருக்கிறது, அந்த விளைவைச் சுமக்கிறோம் என்கிறார். அதே அதிகாரத்தின் பதினாறாம் வசனத்தில் நாங்கள் பாவஞ்செய்தோமே என்றும் சேர்த்துக்கொள்கிறார்.

தானியேலும் நெகேமியாவும் அறிக்கையிட்டது உண்மை. ஆனால் அவர்கள் ஒரு ஜனத்தின் சார்பாக, "நாங்கள்" என்று, தங்களையும் உள்ளே வைத்துக்கொண்டு பேசினார்கள். எந்தத் தாத்தாவின் பெயரும் அதில் இல்லை, தனிக் குடும்பத்தின் நோய் நீங்க வேண்டும் என்ற விண்ணப்பமும் இல்லை. புதிய ஏற்பாட்டில் அப்போஸ்தலர் யாரும் மனந்திரும்பிய புறஜாதியாரிடம் அவர்களுடைய முன்னோரின் பாவங்களை எண்ணிச் சொல்லுங்கள் என்று கேட்டதாக ஒரு வரியும் கிடையாது. எண்ணத் தொடங்கியிருந்தால் கொரிந்து சபையில் அதற்கே ஆண்டுகள் பிடித்திருக்கும். முன்னோரால் பாரம்பரியமாய் வந்த வீணான நடத்தையினின்று நீங்கள் ஏற்கெனவே மீட்கப்பட்டீர்கள் என்று பேதுரு எழுதுகிறார்.

கிபியோனியர் சம்பவம் என்னைப் பல நாள் தூங்கவிடாதது. அங்கே சவுலின் குமாரரும் பேரன்மாருமாக ஏழு பேர் தூக்கிலிடப்படுகிறார்கள். பிதாக்களுக்காகப் பிள்ளைகளைக் கொல்ல வேண்டாம் என்ற உபாகமம் 24:16க்கு அது நேர் எதிராக நிற்கிறது என்பதை நான் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் இரண்டு விஷயங்களைப் பாருங்கள். பஞ்சத்தின் காரணம் தெரிந்ததும் தாவீது போய் அறிக்கை ஜெபம் ஏறெடுக்கவில்லை. பாதிக்கப்பட்டவர்களை அழைத்து, நான் உங்களுக்குச் செய்யவேண்டியது என்ன என்று கேட்கிறார். அடுத்தது, தேவன் தேசத்துக்காக வேண்டுதலைக் கேட்டருளினார் என்ற வாக்கியம் ஏழு பேர் செத்தவுடன் வரவில்லை. அறுப்புக்காலம் தொடங்கி மழை பெய்யும்வரை அவர்களில் இருவரின் தாயாகிய ரிஸ்பாள் பாறையின்மேல் இரட்டுப்புடவையை விரித்து, பிணங்களைப் பகலில் பறவைகளும் இரவில் மிருகங்களும் தொடாதபடி காத்திருந்து, அதைக் கேள்விப்பட்ட ராஜா எலும்புகளைச் சேர்த்து அடக்கம் பண்ணிய பிறகுதான் வருகிறது.

பழைய பீடச்சிறுவன்:
கத்தோலிக்கத் தரப்பிலிருந்து சிறிது சேர்க்கிறேன். "குடும்ப மரம் குணமாக்கும் செபம்" என்ற பெயரில் இதே வழக்கம் எங்கள் தியானக் கூடங்களுக்குள்ளும் நுழைந்தது. ஸ்பெயின் ஆயர் பேரவை 2024இல் வெளியிட்ட குறிப்பு, பாவம் எப்போதும் தனிமனிதனின் சுதந்திரமான செயல் என்பதாலும் திருமுழுக்கின் அருளை இவ்வழக்கம் சந்தேகிப்பதாலும் இதைக் கைவிடும்படி சொல்கிறது. நம் ஊரில் இது இவ்வளவு எளிதில் வேர்பிடித்ததற்குக் காரணம் தேட நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. பித்ரு தோஷம், பெண் சாபம், குலதெய்வக் குற்றம் என்று சோதிடர் வைத்திருக்கும் பட்டியலையும் அந்த நான்கு பக்கப் படிவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஆனாலும் கதை அங்கே முடிந்துவிடுவதாக நான் நினைக்கவில்லை. 2000ஆம் ஆண்டு மார்ச் 12 அன்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், புனித பேதுரு பேராலயத்தில் திருச்சபையின் மக்கள் கடந்த நூற்றாண்டுகளில் செய்த பாவங்களுக்காக மன்னிப்பு வேண்டினார். அதையொட்டி வந்த இறையியல் ஆவணம், செய்தவனின் குற்றம் அவனோடு போய்விடுகிறது, ஆனால் அதன் சுமை வரலாற்றில் தங்கிவிடுகிறது, அந்த நினைவைத் தூய்மைப்படுத்துவது வாழ்கிறவர்களின் கடமை என்ற கருத்தில் பேசுகிறது. இது எனக்கு வெறும் ரோமாபுரிச் செய்தி அன்று. வடக்கன்குளத்தில் 1872இல் கட்டப்பட்ட திருக்குடும்ப ஆலயத்தைக் கால்சட்டைக் கோயில் என்பார்கள். பீடம் நடுவில், அதிலிருந்து இரண்டு கால்கள் பிரிவதுபோல இரண்டு கூடங்கள், ஒன்று வேளாளருக்கு, மற்றது நாடாருக்கு. இரு கூடத்தாரும் குருவானவரைப் பார்க்கலாம், ஒருவரையொருவர் பார்க்க முடியாது. 1910இல் பிரிப்புச் சுவர் இடிக்கப்பட்டபோது அதை எதிர்த்து நீதிமன்றப் படியேறினார்கள். அந்தச் சுவரை நான் கட்டவில்லை. ஆனால் எங்கள் ஊர்க் கல்லறையில் இன்னும் யார் எந்தப் பக்கம் புதைக்கப்படுகிறார்கள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் ஒவ்வொரு நவம்பர் 2ஆம் தேதியும் என் பக்கத்துக் கல்லறைக்கு மட்டும் மெழுகுதிரி ஏற்றிவிட்டு வருகிறேன்.

பாலாற்றங்கரை:
இந்த இழையில் எழுத வேண்டாம் என்று இரண்டு நாள் இருந்தேன். ரிஸ்பாளைப் படித்தபின் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் செங்கல்பட்டுப் பக்கம். தாத்தா சபை மூப்பர். நாற்பது ஆண்டு காணிக்கைக் கணக்கில் ஒரு காசு பிசகாதவர் என்று பெயரெடுத்தவர். அவர் விட்டுப்போன நிலத்தில் இரண்டு ஏக்கர் நாற்பது சென்ட் மாந்தோப்பு ஒன்று உண்டு. அப்பா இறந்தபின் பாகப்பிரிவினைக்காகப் பழைய பதிவேடுகளை எடுத்துப் பார்த்தபோது அது டி.சி. நிலம் என்று தெரிய வந்தது. இளைய வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த ட்ரமென்ஹீர் 1891இல் பறையர்களின் நிலைமையைப் பற்றி அனுப்பிய அறிக்கையைத் தொடர்ந்து, 1892 முதல் சென்னை மாகாணத்தில் அந்த மக்களுக்கென ஒதுக்கப்பட்ட நிலம் அது. பஞ்சமி நிலம் என்பதும் அதுவே. முதல் பத்து ஆண்டுகள் யாருக்கும் விற்கக்கூடாது, அதற்குப் பின்னும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கே விற்கலாம் என்பது நிபந்தனை. மீறி எழுதிய கிரயம் செல்லாது. தாத்தாவின் பத்திரம் 1958ஆம் ஆண்டுத் தேதியிட்டது. வாங்கிய கடனுக்கு ஈடாக முந்நூறு ரூபாய் என்று எழுதி, கீழே ஓர் இடக்கைப் பெருவிரல் ரேகை. ரேகை சற்று இழுபட்டிருக்கிறது. கையை யாரோ பிடித்து வைத்ததுபோல.

அந்த விரலுக்குரியவரின் மகள் உயிரோடிருக்கிறார். எங்கள் சபையேதான், எங்களுக்கு ஆறு வரிசை பின்னால் உட்கார்ந்து, எங்களுக்குப் பின் திருவிருந்து எடுப்பவர். நான் பத்திரத்தின் நகலோடு அவர் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்க ஒரு வாக்கியத்தைத் தயார் செய்து வைத்திருந்தேன். அதைச் சொல்லுமுன் அவரே, எழுதிவிட்டு வந்த அன்று அப்பா விரல் மையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வந்ததாகவும், அம்மா எவ்வளவு அடித்துத் துவைத்தும் அந்தக் கறை போகாமல் அந்த வேட்டி கிழியும்வரை இருந்ததாகவும் சொன்னார். எனக்கு வாக்கியம் மறந்துபோயிற்று.

என் தாத்தாவின் குற்றத்தை நான் சுமக்கவில்லை என்று எசேக்கியேல் சொல்வதை நம்புகிறேன். ஆனால் ஒவ்வொரு மே மாதமும் அந்தத் தோப்பின் மாம்பழம் என் வீட்டுக் கூடத்தில் வைக்கோலில் பழுத்தது. பதிவேட்டைப் பார்த்த நாள்வரை அது தாத்தா செய்தது. பார்த்த நாளிலிருந்து அது நான் செய்வது. நான் அறிக்கையிட்டது என்னுடையதைத்தான். என் பங்காக வந்த எண்பது சென்டை அந்தக் குடும்பத்தின் பெயருக்கு மாற்றிக் கொடுத்தேன். அண்ணன்மார் இருவரும் தாத்தாவோடு கணக்கும் முடிந்தது என்கிறார்கள். பொங்கலுக்கு இப்போது என்னை அழைப்பதில்லை.

தோமாவின் விரல்:
பாலாற்றங்கரையாரின் பதிவுக்கு முன் வாயடைத்து நிற்கிறேன். ஆனாலும் இதைப் பொதுவிதியாக்குமுன் யோசிக்க வேண்டும். 1845இல் தொடங்கிய அமெரிக்கத் தென் பாப்திஸ்து மாநாடு அடிமைமுறையை ஆதரித்ததற்காக 1995இல் மன்னிப்புக் கேட்டது. இங்கிலாந்துத் திருச்சபை 2006இல் கேட்டது. பார்படோசில் காட்ரிங்டன் கரும்புத் தோட்டத்தை வைத்திருந்ததும், அங்கே அடிமைகளின் மார்பில் சங்கத்தின் பெயரைச் சூட்டுக்கோலால் பொறித்ததும் எஸ்.பி.ஜி. என்ற ஆங்கிலிக்க மிஷன் சங்கம். பின்னாளில் நம் நாசரேத்திலும் இடையன்குடியிலும் பள்ளியும் ஆலயமும் எழுப்பியதும் அதே சங்கம்தான். அடிமைமுறை ஒழிந்தபோது 8,800 பவுனுக்கு மேல் இழப்பீடு பெற்றது சங்கம். அடிமைகளுக்கு எதுவும் கிடைக்கவில்லை. மன்னிப்புத் தீர்மானத்துக்கும், பழைய அடிமை வாணிப முதலீட்டுக்கு ஈடாகப் 10 கோடி பவுன் நிதியை அறிவிப்பதற்கும் இடையே பதினேழு ஆண்டுகள் ஆயின. இறந்தவனுக்காக மன்னிப்புக் கேட்பதில் ஒரு சௌகரியம் உண்டு. கேட்கிறவனுக்குச் செலவில்லை, தான் அவனைவிட நல்லவன் என்ற நிம்மதியும் கிடைக்கிறது. எங்கள் பிதாக்களின் நாட்களில் இருந்திருந்தால் நாங்கள் தீர்க்கதரிசிகளின் இரத்தப்பழிக்கு உடன்பட்டிருக்கமாட்டோம் என்று கல்லறைகளைச் சிங்காரித்தவர்களைத்தான் மத்தேயு 23இல் ஆண்டவர் சாடுகிறார். கையில் பத்திரம் இல்லாதவர்கள், நிலமும் சுவரும் இல்லாதவர்கள் எதை அறிக்கையிடுவது? அவர்கள் தேடித் தேடிப் பாவம் கண்டுபிடிக்க ஆரம்பித்தால் மறுபடியும் அந்தப் படிவத்துக்கே வந்து சேர்வோம்.

சாலேமின் மகள்:
தோமா அண்ணன் சொல்வதில் பாதி சரி. நான் ஒன்றை மாற்றிக்கொள்கிறேன்: அறிக்கையிட்டாலொழியக் கர்த்தரின் கை கட்டப்பட்டிருக்கிறது என்று இனி யாருக்கும் சொல்லமாட்டேன்; சிலுவையில் முடிந்ததை நான் முடிக்க வேண்டியதில்லை. ஆனால் வீட்டில் நடந்ததைப் பேர்சொல்லி அழுவதை விடமாட்டேன். அடிபட்ட என் மாமியார் அப்போது பக்கத்து அறையில் படுத்திருந்தார், எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அதை நான் முன்பு எழுத மறந்துவிட்டேன்.

பொருநைக்கரையான்:
எல்லோருக்கும் நன்றி. அக்காளும் அத்தானும் மருத்துவரைப் பார்த்துவிட்டார்கள். சில பரிசோதனைகளின் முடிவு வர வேண்டியிருக்கிறது. படிவம் இன்னும் மேசைமேல் வெறுமையாகத்தான் கிடக்கிறது.

நேற்றிரவு இந்த இழையை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். மாந்தோப்புப் பதிவு முடிந்ததும் நிறுத்தச் சொல்லிவிட்டு எழுந்து போய், கொஞ்ச நேரம் கழித்து வந்து உட்கார்ந்தார். தாத்தாவுக்கு ஒரு தங்கை இருந்தது எங்கள் இருவருக்கும் இதுவரை தெரியாது. அந்தப் பாட்டி வேற்றுச் சாதியில், நம் சபையிலேயே ஞானஸ்நானம் பெற்ற ஒருவரைத் திருமணம் செய்தாராம். தாத்தா அவரை வீட்டுப் படியேறவிடவில்லை. குடும்ப வேதப்புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதியிருந்த பெயரையும் கத்தியால் சுரண்டிவிட்டார். அந்த வேதப்புத்தகம் அலமாரியில்தான் இருக்கிறது, எடுத்துப் பார்த்தோம். தாள் அந்த இடத்தில் மெலிந்து, மறுபக்கத்து எழுத்து தெரிகிறது. நான்கு பக்கப் படிவத்தில் இதற்கு ஒரு கட்டமும் இல்லை.

பாட்டி இறந்துவிட்டார். அவருடைய மகன் நாசரேத்தில் இருக்கிறார் என்று அப்பாவுக்கு இத்தனை நாளும் தெரிந்தே இருந்திருக்கிறது. இருபது ஆண்டுக்கு முன் ஒரு கலியாண வீட்டில் அவரைக் கண்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டதாகச் சொன்னார். அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து நாங்கள் மூவரும் போகலாம் என்றிருக்கிறோம். நேரே போய்க் கதவைத் தட்டுவதா, முதலில் தொலைபேசியில் பேசுவதா என்று தெரியவில்லை. அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

பாலாற்றங்கரை:
முதலில் தொலைபேசியில் பேசுங்கள், தம்பி. நான் நேரே போய் நின்றது தவறு. வர வேண்டாம் என்று சொல்ல அந்த அம்மாவுக்கு வழியில்லாமல் போய்விட்டது. அப்பாவையே பேசச் சொல்லுங்கள்.